கோயில் ஒரு நாள், மீதி மூன்று நாளும் கடல்: ராமேஸ்வரம் பக்கம் என்ன செய்யலாம்?

திருப்பூர் நூல்கண்டு | டிசம்பர் 9, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் ராமேஸ்வரம் போகிறோம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவருக்கும் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியாக வேண்டும். அந்த ஒரு நாளில் நான் கை வைக்க முடியாது. மீதி மூன்று நாள் என்னுடையது. மகளுக்கு 12, மகனுக்கு 7. கணவருக்கும் எனக்கும் நீச்சல் தெரியாது. மகள் மட்டும் நீச்சல் குளத்தில் பழகியிருக்கிறாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருமுறை போனோம். ஒரே நாளில் பதினொரு இடம் என்று வேன் பேசியிருந்தோம். ஏறுவது, இறங்குவது, படம் எடுப்பது, மறுபடி ஏறுவது. வழிகாட்டி என்று கூடவே வந்தவர் தனுஷ்கோடியில் "அதோ சர்ச், இதோ ஸ்டேஷன், பத்து நிமிடத்தில் வந்துவிடுங்கள்" என்றார். ஆனால் சிப்பி மாலைக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அங்கே அவருக்கு அவசரமே இல்லை. கடைக்காரர் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

இந்தமுறை உண்மையாகவே கடலைப் பார்க்க வேண்டும். கயாக், படகு, பறவை, தீவு எதுவானாலும் சரி. சிறுவர்களையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு எதெல்லாம் முடியும்? வழிகாட்டி வைத்துக்கொள்வதா வேண்டாமா?

---

தனிவழி | டிசம்பர் 9, இரவு 11.15

வழிகாட்டி எதற்கு? பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை ஒரே சாலை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பெல்லாம் மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு அந்தக் கவலையும் இல்லை. கைபேசியில் வரைபடம் இருக்கிறது, காரில் பெட்ரோல் இருக்கிறது. மூன்று நாள்கூட வேண்டாம், ஒன்றரை நாளே தாராளம். மிச்ச நாளில் மதுரையில் ஜிகர்தண்டா குடியுங்கள்.

---

பாம்பன் கூண்டு | டிசம்பர் 10, காலை 6.05

தனிவழி சொல்வது சாலைக்குப் பொருந்தும். கடலுக்குப் பொருந்தாது.

நான் பாம்பன்காரன். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தார். நான் ஆட்டோ ஓட்டுகிறேன், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் உண்டு. ஆகவே இதில் எனக்கும் நாலு காசு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

அக்கா, இந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வடக்குப் பக்கம் பன்னிரண்டு மாதமும் குளம்போலக் கிடக்கும் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது அது சரிதான்; தெற்கே அலை சீறும், வடக்கே தண்ணீர் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எழும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். வடகடல் கலங்கிச் செம்மண் கரைத்த மாதிரி ஆகிவிடும், தென்கடல் கண்ணாடி. எங்கள் ஊரில் நாட்டுப்படகுகளையே அந்தந்தக் காலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றிக் கட்டுவார்கள்.

நீங்கள் வருவது தை மாதம், வாடைக் காலம். இணையத்தில் பார்த்துவிட்டு அரியமான் கடற்கரையிலும் பிரப்பன்வலசையிலும் கயாக் ஓட்டலாம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். இரண்டும் வடக்குப் பக்கம். சித்திரை வைகாசியில் வந்தால் நானே உங்களை அங்கே கொண்டுபோய் விடுவேன். தையில் அங்கே அலை இருக்கும், நடத்துகிறவர்களே வேண்டாம் என்பார்கள். ஒருவேளை ஏற்றிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் ஏறாதீர்கள்.

எந்த நாளில் என்ன என்று இப்போதே எழுதி வைக்க வேண்டாம். நான்கைந்து வேலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாலை காற்றைப் பார்த்து மறுநாள் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் அன்று கோயில் நாள், அவ்வளவுதான்.

---

கருவேலங்காடு | டிசம்பர் 10, காலை 9.30

ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது தொலைநோக்கியும் நானும்தான்.

நூல்கண்டு அம்மா, நீங்கள் வரும் மாதத்தில் முதலில் பார்க்க வேண்டியது பூநாரைகள். கோதண்டராமர் கோயிலிலிருந்து முகுந்தராயர் சத்திரம் வரை சாலையோரம் கிடக்கும் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பில் வந்து இறங்கும். 2025 ஜூனில் தமிழக அரசு அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனபோது நிலைத்து நின்றது அந்தக் கோதண்டராமர் கோயில். இப்போது அதன் வாசலிலிருந்தே பறவை பார்க்கலாம்.

பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பத்து மணிக்குக் காரை நிறுத்திக் கதவைப் பட்டென்று சாத்தினால் பறவை இருநூறு அடி தள்ளிப் போய்விடும், உங்களுக்கு வெள்ளைப் புள்ளிகள் கிடைக்கும். விடிந்த கையோடு போங்கள். காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பாருங்கள். பூநாரை கழுத்தைத் தொங்கவிட்டு அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரைச் சலித்துத் தின்னும். நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும். அது போன பிறகு சேற்றில் சக்கரம் சக்கரமாகத் தடம் இருக்கும். சிறுவர்களுக்கு அந்தத் தடத்தைக் காட்டுங்கள், பறவையைவிட அது பிடிக்கும்.

தீவு என்று கேட்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் சேர்ந்தது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986இல் ஏற்படுத்தியது. அவற்றில் இரண்டு தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருடக்கணக்காக வெட்டி எடுத்ததற்கு அது தண்டனை என்றே நான் சொல்வேன். இஷ்டம்போல் எந்தத் தீவிலும் இறங்க முடியாது. குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறை படகு விடுகிறது, ஆனால் காற்றைப் பொறுத்துத்தான். ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். விலங்கியல் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் குருசடை என்றதும் பலனோகிளாசஸ் என்பார்கள். நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில் அந்தப் புழுவுக்கும் அந்தத் தீவுக்கும் அப்படியொரு முடிச்சு.

---

திருப்பூர் நூல்கண்டு | டிசம்பர் 10, மதியம் 1.20

ஐயா, அப்பா விலங்கியல் ஆசிரியராக இருந்தவர்! உங்கள் கடைசி வரிகளை உணவு நேரத்தில் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் பலனோகிளாசஸ் வரைந்திருக்கிறாராம். கண்ணால் பார்த்தது ஃபார்மலின் புட்டியில் மட்டும்தானாம். "குருசடை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலா இருக்கிறது?" என்று கேட்டார். பக்கத்தில் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தீர்த்தத்தை முதல் நாளே முடித்துவிடலாம்" என்றார்.

---

தனிவழி | டிசம்பர் 10, மதியம் 2.00

பறவைக்கு ஒரு வழிகாட்டி, படகுக்கு ஒரு வழிகாட்டி, புழுவுக்கு ஒரு வழிகாட்டி. பணம் மரத்தில் காய்க்கிறதா? தனுஷ்கோடியில் படகுக்காரர்கள் நேராகவே வந்து கேட்பார்கள். மணல்திட்டு வரை கூட்டிப்போவதாகச் சொல்வார்கள். பேரம் பேசி ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது.

---

பாம்பன் கூண்டு | டிசம்பர் 10, மதியம் 2.25

தம்பி, இதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், படித்துவிட்டு யாராவது ஏறிவிடப் போகிறார்கள். அரிச்சல்முனைக்கு அப்பால் இருக்கும் மணல்திட்டுகள் எல்லைக் கடல். சுற்றுலாப் பயணி போக அனுமதி கிடையாது. கடலோரக் காவல் படை மடக்கினால் விசாரணைக்கு ஒரு நாள் போய்விடும். அது சின்னத் தொல்லை, பெரியது நீரோட்டம். அங்கே இரண்டு கடலும் முட்டிக்கொள்கிற இடம். முழங்கால் தண்ணீர் என்று நின்றுகொண்டிருப்பீர்கள், காலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போவது தெரியும். குளிக்கக் கூடாது என்று பலகை சும்மா வைக்கவில்லை. நாங்களே அங்கே இறங்குவதில்லை.

படகு எதுவானாலும் ஏறுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கை ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, சிறுவனுக்குச் சிறிய அளவு இருக்கிறதா, கொக்கி மாட்டுகிறதா. படகின் ஒரு மூலையில் சணல் சாக்கு மாதிரி நாலைந்தை அமுக்கி வைத்திருந்தால் அது காட்டுவதற்காக வைத்தது.

---

அலைதுடுப்பு | டிசம்பர் 10, மாலை 7.45

கயாக் பற்றி என் பங்கு. மதுரையிலிருந்து அடிக்கடி போகிறவன்.

வாடைக் காலத்தில் திறந்த கடலை மறந்துவிட்டுக் காரங்காடு போங்கள். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுச் சுற்றுலா. அதுவும் பாக் விரிகுடாக் கரைதான், ஆனால் கழி வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் மரம் காற்றைத் தாங்கிக்கொள்ளும். வெளியே கடல் இரைகிற சத்தம் கேட்கும், உங்கள் துடுப்புக்குக் கீழே தண்ணீர் அசையாது. பெரியவர்களுக்கு எஞ்சின் படகு, உங்களுக்குக் கயாக். கூடவே ஊர்ப் பையன் ஒருவன் வருவான்.

அவனை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முதல்முறை நான் அப்படித்தான் வீரம் காட்டினேன். வற்றம் தொடங்கியது தெரியாமல் ஒரு கிளை வாய்க்காலில் உள்ளே போய், தண்ணீர் வடிந்து, கயாக் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் தொடைவரை போகிறது. மூச்சுவேர் பென்சில் பென்சிலாகப் பாதத்தில் குத்துகிறது. அரை மணி நேரம் கழித்து அந்தப் பையனே வந்து கயிறு போட்டு இழுத்தான். சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம்.

ஒரு வேலை செய்யுங்கள். அலையாத்தி இலை ஒன்றைத் திருப்பி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் பொடி உப்பு மினுங்குவது தெரியும். உப்பு வேண்டாம் என்று இலையை உதறிப் போட உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தானே செய்வான்.

---

பெருக்கமரம் | டிசம்பர் 11, காலை 8.10

நான் மன்னார். இந்த இழையை ஒரு வாரமாகத் தேடியது போலப் படித்துக்கொண்டிருக்கிறேன்; நீங்கள் பேசுகிற கடலின் மறுகரை எங்களுடையது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றருக்குள்தான். என் அம்மம்மா புயலுக்கு முன் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கேயே நின்ற ரயிலைப் பிடித்துத் திருச்சிக்குப் போனவர். இன்று அந்தத் தூரத்தைக் கடக்க நான் கொழும்போ யாழ்ப்பாணமோ போய் விமானம் ஏற வேண்டும், அல்லது காங்கேசன்துறை போய் நாகபட்டினக் கப்பலைப் பிடிக்க வேண்டும்.

பாம்பன் கூண்டு அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கச்சான் என்கிற காற்றை நாங்கள் சோழகம் என்போம். மட்டக்களப்புப் பக்கம் போனால் அவர்களும் கச்சான் என்கிறார்கள். எது சரி?

பூநாரைகள் எங்கள் வங்காலைக்கும் வரும். உங்கள் பக்கம் அரசு சரணாலயம் அறிவித்தால் அவற்றுக்கு அது தெரியவா போகிறது. ஒரே கூட்டம் இரண்டு நாட்டுச் சேற்றையும் மிதித்துவிட்டுப் போகும்.

---

பாம்பன் கூண்டு | டிசம்பர் 11, காலை 8.40

சோழகம் என்ற சொல்லும் எங்களிடம் இருக்கிறது தம்பி, தெற்கிலிருந்து நேராக வந்தால் சோழகம், மேற்கே சாய்ந்து வந்தால் கச்சான். அப்பா இரண்டையும் மூக்காலேயே பிரிப்பார். எனக்கு வேப்பமரக் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

---

மரிக்கொழுந்து | டிசம்பர் 11, இரவு 9.50

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்லத் தோன்றியது.

என் அம்மா பாம்பன் பக்கத்தில் பாசி எடுத்தவர். பெயரைப் பார்த்துப் பூ என்று நினைக்காதீர்கள், மரிக்கொழுந்து என்பது ஒரு பாசியின் பெயர். நான் மதுரையில் செவிலியர். இப்போது சில ஏற்பாட்டாளர்கள் "கடல்பாசிப் பெண்களுடன் ஒரு காலை" என்று சுற்றுலா நடத்துகிறார்கள். போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். படகிலிருந்து ஏழெட்டுப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இந்தப் பக்கம் பெரியம்மா மூச்சடக்கி மேலே வருகிறார். முகத்தில் தண்ணீர் வழிகிறது. "அம்மா, இன்னொருமுறை மூழ்குங்கள்" என்று ஒருவர் சொல்கிறார். பெரியம்மா மூழ்கினார். காசு கொடுத்தார்களா என்று கேட்டேன். ஏற்பாட்டாளருக்குக் கொடுத்திருப்பார்கள் என்றார்.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. போனால் கரையில் அவர்கள் வந்து உட்காரும் நேரத்தில் போங்கள். விரல் நுனியில் துணி சுற்றியிருக்கும், பாறை கிழிக்காமல் இருப்பதற்கு. காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். எதற்கு என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பேசப் பிடிக்கும், காட்சிப் பொருளாக நிற்கத்தான் பிடிக்காது. கஞ்சிப் பாசி எது, கட்டக்கோரை எது என்று பிரித்துக் காட்டுவார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு அவர் கையிலேயே பணத்தைக் கொடுங்கள்.

---

கருவேலங்காடு | டிசம்பர் 12, காலை 7.15

மரிக்கொழுந்து சொன்னதைப் படித்ததும் நானும் ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு மாணவர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய் இப்படித்தான் நிற்க வைத்துக் காட்டினேன்.

இன்னொன்று, கடைகளைப் பற்றி. சிப்பி, சோழியிலும் சில வகைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பார்த்து வாங்குங்கள். பவளம், விசிறி மாதிரி விரிந்திருக்கும் கடல் விசிறி இரண்டையும் தொடவே தொடாதீர்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடைக்காரர் "இது பழைய சரக்கு" என்பார். வழக்குக்கு பழையது புதியது கிடையாது.

---

திருப்பூர் நூல்கண்டு | ஜனவரி 10, மாலை 6.30

நாளை மறுநாள் கிளம்புகிறோம். பாம்பன் கூண்டு தம்பி ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார், அதில் எல்லா வரியின் முடிவிலும் "காற்றைப் பார்த்து" என்று எழுதியிருக்கிறது. கணவர் மென்பொருள் துறையில் இருப்பவர்; இப்படி ஒரு அட்டவணையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்கிறார்.

---

திருப்பூர் நூல்கண்டு | ஜனவரி 19, இரவு 9.00

வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது, இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. நீளமாகத்தான் இருக்கும்.

முதல் நாள் தீர்த்தம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வாளித் தண்ணீர் தலையில் விழ விழ மகன் எண்ணிக்கொண்டே வந்தான், பதினேழில் தப்புவிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்று அழுதான்.

இரண்டாம் நாள் ஐந்தே காலுக்கு ஆட்டோ வாசலில் நின்றது. கோதண்டராமர் கோயில் திருப்பத்துக்கு முன்பே தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் வர வர, தண்ணீரில் குச்சி நட்ட மாதிரி இருந்ததெல்லாம் கால்கள் என்று தெரிந்தது. சுமார் இருநூறு இருக்கும் என்று நான் நினைத்தேன், தம்பி இன்னும் அதிகம் என்றார். ஐயா சொன்ன சக்கரத் தடத்தை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்று, பாட்டை நிறுத்தாமலே கதவைத் திறந்தார்கள். கூட்டம் மொத்தமாக எழும்பியது. இறக்கைக்கு அடியில் அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே! அந்த வேனைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

தனுஷ்கோடி இடிபாட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டி மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கை ஆழம்கூட இல்லை, ஊற்று சுரந்தது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினார். மகன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு "உப்பே இல்லை" என்று கத்தினான். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். போன முறை அந்த வேன்காரர் இதே இடத்தில்தான் எங்களைப் பத்து நிமிடம் நிறுத்தினார்; இந்த ஊற்று அப்போதும் இங்கேதான் இருந்திருக்கும்.

தனிவழி அவர்களுக்கு: நீங்கள் சொன்னபடியே ஒருவர் வந்து கேட்டார், மணல்திட்டுக்குப் படகு என்று. லைஃப் ஜாக்கெட் எத்தனை என்று கேட்டேன். "நான் இருக்கிறேன் அல்லவா" என்றார்.

மூன்றாம் நாள்தான் குருசடை. அப்பா இரவே இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்துவிட்டார். நான்கு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆறு மணிக்குத் தம்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்காமலே தலையை ஆட்டினார். இரவில் காற்று ஏறிவிட்டதாம், இன்று படகு இல்லை. தெற்குப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எழுதினீர்களே என்று நான் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன். "கண்ணாடிதான் அக்கா, இன்று உடைந்திருக்கிறது" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றவும் இல்லை.

சரி, தீவைக் கரையிலிருந்தாவது பார்க்கலாம் என்று குந்துகால் போனோம். 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம், அவருக்கு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் நேரெதிரே குருசடை, கை நீட்டினால் தொடலாம் போல. அம்மாவும் நாங்களும் மண்டபத்துக்குள் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. வற்றத்தில் தண்ணீர் உள்வாங்கி ஈர மணல் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் குந்தி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் என் மகன். அவர்களுக்கு முன்னால் மணலில் சின்னதாக ஒரு சுருள், சேமியாவைப் பிழிந்து வைத்த மாதிரி. அதுதான் பலனோகிளாசஸ் தள்ளிய மண்ணா தாத்தா என்று இவன் கேட்கிறான். அப்பா சொல்கிறார்: "இருக்கலாம். வேறு புழுவாகவும் இருக்கலாம். தோண்டினால்தான் தெரியும். தோண்டக் கூடாது." இருபது நிமிடம் அப்படியே இருந்தார்கள். பிறகு ஈர மணலில் விரலால் அந்தப் படத்தைப் போட்டார். துதிக்கை, கழுத்துப்பட்டி, உடல். முப்பத்து நான்கு வருடக் கை, ஒரே இழுப்பில் வந்தது.

திரும்பும் நாளில் காரங்காடு. கயாக்கில் நானும் ஏறினேன், நம்புவீர்களோ மாட்டீர்களோ. ஊர்ப் பையன் கூட வந்தான், அலைதுடுப்பு அவர்களே, அவனை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையில் பெண்கள் குழு வைத்துக் கொடுத்த நண்டுக் குழம்புக்கு அம்மா இன்னும் செய்முறை சொல்லிக்கொண்டிருக்கிறார், தான் செய்தது போல. மரிக்கொழுந்து, உங்கள் அம்மா ஊர் பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை, அடுத்தமுறை முன்பே கேட்டுக்கொண்டு வருகிறேன்.

---

தனிவழி | ஜனவரி 19, இரவு 9.40

அந்த ஊற்றை நான் நாலு முறை போயும் பார்த்ததில்லை. இடிபாட்டுக்கு எந்தப் பக்கம்?

---

பாம்பன் கூண்டு | ஜனவரி 19, இரவு 9.55

வரும்போது சொல்லுங்கள் தம்பி, காட்டுகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அக்கா, அப்பாவிடம் சொல்லுங்கள். மாசிக் கடைசியில் வாடை விழுந்துவிடும். கச்சான் எழும்புவதற்கு முன் ஒரு மாதம், ஒன்றரை மாதம் இரண்டு கடலும் சும்மா கிடக்கும். அப்போது படகு நிற்பது அபூர்வம்.

---

திருப்பூர் நூல்கண்டு | ஜனவரி 20, காலை 6.50

பங்குனியில் இரண்டு பேருக்கும் பரீட்சை. அப்பாவுக்குப் பரீட்சை இல்லை. அவரை மட்டும் பஸ் ஏற்றிவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்குமா?

---

கருவேலங்காடு | ஜனவரி 20, காலை 7.05

அனுப்புங்கள் அம்மா. ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நான் நிற்கிறேன். தொப்பி கொண்டுவரச் சொல்லுங்கள், குந்துகால் கரையில் நிழல் கிடையாது.